கூடாரத்தில் கேட்ட கவி

இங்கிலாந்து
23.08.1982

அன்புள்ள நதீராவுக்கு ஸலாம்.

பொல்லடி ஆடப் புறப்பட்ட நாங்கள் ஐந்து பேரும் உயிரோடு வந்து சேர்ந்தோம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்முனையில் பஸ் ஏறும்போது நீ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்த றஸாக், "அண்ணாவியார், மதினி நம்மள மையத்தாக்கித்தான் அனுப்புறா போல" என்று கொழும்பு வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான்.

உலக இசை, கலைப் பெருவிழா என்று வெள்ளைக்கார ஜூடித் நோனா அனுப்பிய அழைப்பில் இருந்தது அல்லவா, அதை நம்பி நான் பெரிய மண்டபம் ஒன்றை மனதில் கட்டி வைத்திருந்தேன். வந்து பார்த்தால் மாட்டுப் பண்ணை. மாடுகளை ஒரு பக்கம் சாய்த்துவிட்டுப் புல்வெளி முழுக்கக் கூடாரம் அடித்திருக்கிறார்கள். மழை பெய்து, விதைப்புக்கு உழுத வயல் மாதிரிச் சேறு. அந்தச் சேற்றில் வெள்ளைக்காரர்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். சப்பாத்து வாங்க வசதியில்லாத சனம் என்று முகம்மது தம்பி பரிதாபப்பட்டான். பிறகு பார்த்தால் அதில் ஒருவர் டொக்டராம்.

ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்கள் ஒரு மேளம் வைத்திருக்கிறார்கள். நெல் அவிக்கிற அண்டாவை விடப் பெரிது. அதை அடித்தால் சத்தம் காதில் விழுவதில்லை, நேராக நெஞ்சில் விழுகிறது. நேற்று அவர்களுக்குப் பிறகுதான் எங்கள் பொல்லடி. அண்ணாவியார் நான் பாட்டை எடுத்ததும், பொல்லுக் கம்புகள் ஒன்றோடொன்று அடிபடும் சத்தத்துக்குக் கூட்டம் ஓடி வந்தது. பாட்டுப் பாதியில் இருக்கும்போதே கைதட்டினார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து றஸாக் பொல்லை இடுப்பில் செருகிவிட்டான். நான் பாடிக்கொண்டே அவனைக் கண்ணால் ஏசினேன். அதற்கும் கைதட்டினார்கள்.

இதுவரை காலையில் எழுதியது. இப்போது மாலை. கிழித்துப் போடலாமா என்று யோசித்தேன். வேறு தாள் இல்லை, இதிலேயே தொடர்கிறேன்.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு நானும் முகம்மது தம்பியும் கூடாரங்களைப் பார்த்துக்கொண்டு போனோம். ஒரு கூடாரத்தில் மேடையும் இல்லை, பாடுகிறவரும் இல்லை. நாலு மூலையிலும் ஒலிபெருக்கி வைத்து, பல நாட்டுப் பெண்கள் பாடிய பாட்டுக்களை டேப்பில் போடுகிறார்கள். சனம் வைக்கோலில் உட்கார்ந்து கேட்கிறது. ஒரு பாட்டு முடிந்தது. அடுத்ததாக நூல் சுற்றுகிற ராட்டையின் சத்தம் வந்தது. மருதமுனைச் சத்தம், நதீரா. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். அந்தச் சத்தத்தின் மேல் ஒரு பெண் கவி பாடினாள்.

கடலோரம் காத்தடிச்சி
கண்ணுக்குள்ள மண்விழுந்தா
ஊதிவிட ஆளிருந்தா
ஊரைவிட்டுப் போவேனோ

என் உம்மாவின் கவி. உம்மா மௌத்தாகி எத்தனை வருடம். வீட்டுக்குள் வேலை செய்துகொண்டு அவர் முணுமுணுத்த அந்தக் கவி என்னையும் றாஹிலா ராத்தாவையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. என் கூடப் பிறந்த ராத்தா, ஊரில் மரியாதையாக வாழ்கிற ஜவுபர் மச்சானின் பெண்சாதி, கலியாணத்துக்கு மகளை வைத்துக்கொண்டிருப்பவர், அந்நிய ஆண்கள் சேற்றுக் காலோடு உட்கார்ந்து கேட்கும்படி பாடியிருக்கிறார். வாசலில் ஆண் குரல் கேட்டால் நம் பெண்கள் கவியைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள் அல்லவா? இங்கே நூற்றுக்கணக்கான ஆண்கள். முகம்மது தம்பி என்னைப் பிடித்து உட்கார்த்தி, "அண்ணாவியார், இது நம்மட ஊருப் பொம்புளதானே?" என்று கேட்டான். "ராத்தா" என்று மட்டும் சொன்னேன்.

ஜூடித் நோனாவைத் தேடிப் பிடித்தேன். இரண்டு வருடத்துக்கு முன் நம் ஊரில் தங்கி, பெண்கள் நூல் சுற்றும் வீடுகளுக்கெல்லாம் டேப் பெட்டியோடு போய்வந்தாரே, அப்போது பதிந்ததாம். "யாரு பாடினது எண்டு சொல்லமாட்டன். வாக்குக் குடுத்திருக்கன்" என்று நம் பேச்சிலேயே எனக்குச் சொன்னார். அவர் சொல்லத் தேவையில்லை.

இது கிடைத்ததும் நீ சாய்ந்தமருதில் ராத்தாவின் வீட்டுக்குப் போ. இனி எனக்கு ராத்தா இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வா. அவர் மகள் சபூறாவின் கலியாணத்துக்கு நானும் வரமாட்டேன், நீயும் போகக்கூடாது.

அபூசாலி


மருதமுனை
04.09.1982

அன்புள்ள மச்சானுக்கு ஸலாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நம் கலியாணத்துக்குப் பிறகு நீங்கள் என்னோடு இவ்வளவு நேரம் பேசியது இதுதான் முதல்தடவை. வீட்டில் "சோறு வை" என்பீர்கள், ஊர் ஊராக விற்கப் போகும்போது "சாரன் மூட்டையைக் கட்டு" என்பீர்கள், "வாறன்" என்பீர்கள். மாட்டுப் பண்ணையையும் மேளத்தையும் வாசித்து நான் தனியாகச் சிரித்தேன். பிற்பகுதிக்கு வந்தபோது அடுப்பில் மீன் கரிந்தது. கரிகிற மணம் வந்தும் எழும்ப முடியவில்லை.

நான் ராத்தா வீட்டுக்குப் போகவில்லை. கோபப்படாதீர்கள். போவதற்கு முன் அவரே வந்துவிட்டார். "என்ட தம்பி கடிதம் போட்டானா கா? குளிருக்கு என்ன உடுக்கிறானாம்?" என்று கேட்டார். கடிதத்தை நான் நூல் கூடைக்குள் ஒளித்துவிட்டு, சுகமாம் என்று சொன்னேன். சபூறாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வரச் சொன்னார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து, நீங்கள் வந்து சேர்ந்த மறு வெள்ளிக்கிழமை கலியாணமாம். "மாமன் வராம எங்கட ஊட்டுல கலியாணமா?" என்று சிரித்துக்கொண்டு போனார். அந்த முகத்துக்கு நேரே நான் எதைச் சொல்வது?

அது ராத்தாதான் என்று உங்களுக்கு எப்படி அவ்வளவு நிச்சயம்? ராத்தாவின் குரல் கொஞ்சம் கட்டையானது அல்லவா?

நோனா எங்கள் எல்லோரிடமும் நல்ல மாதிரி நடந்தவர். ஆம்பிளைகள் கேட்கமாட்டார்கள் என்று சொல்லித்தான் பதிந்திருப்பார். ஒலிபெருக்கியில் போட்டார் என்று வாசித்ததும் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு நாளாக வெளியே இறங்கவில்லை. வாசலில் யார் கூப்பிட்டாலும் பகீர் என்கிறது.

ஒன்று கேட்கிறேன், ஏச வேண்டாம். அந்தக் கூடாரத்தில் அந்தக் கவி முடிந்தபோது சனம் என்ன செய்தது? சிரித்தார்களா? உங்கள் காதுக்கு அந்தக் குரல் எப்படி இருந்தது? சும்மாதான் கேட்கிறேன்.

அவசரப்பட்டு உறவை அறுத்துவிடாதீர்கள்.

நதீரா


இங்கிலாந்து
13.09.1982

அன்புள்ள நதீராவுக்கு ஸலாம்.

விழா முடிந்துவிட்டது. இப்போது ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய் ஆட வைக்கிறார்கள். வரும் மாத இரண்டாம் கிழமையில் ஊருக்குப் பயணம்.

நான் ஒன்று சொல்ல நீ ஒன்று செய்திருக்கிறாய். இதற்கு முன் நீ இப்படிச் செய்ததில்லை, இத்தனை கேள்வியும் கேட்டதில்லை. ராத்தாவுக்காக ஏன் இவ்வளவு பரிந்து பேசுகிறாய் என்று விளங்கவில்லை. ஒலிபெருக்கி கட்டைக் குரலை மெலிதாக்கிவிடும், அது உனக்குத் தெரியாது. மேடையில் நிற்கிற எனக்குத் தெரியும்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சிரிக்கவில்லை. எங்கள் பொல்லடிக்குப் பாதியிலேயே கைதட்டிய அதே சனம், அந்தக் கவி முடிந்த பிறகும் கையைத் தூக்கவில்லை. ஒரு வயசாளி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு சொல்லும் விளங்காத சனம், நதீரா. குரல் எப்படி இருந்தது என்று கேட்கிறாய். பொய் சொல்லி எனக்கு என்ன வரப்போகிறது? எனக்கே தொண்டை அடைத்தது. இவ்வளவு காலம் ஊர் ஊராகப் பாடுகிற நான் அந்த மாதிரி ஒரு கவியைப் பாடியதில்லை. அதனால்தான் கோபம் இன்னும் கூடியது.

உம்மாவின் கவிக்குப் பிறகு இன்னொன்றும் வந்தது. சென்ற கடிதத்தில் எழுதக் கை வரவில்லை.

ஊருக்கெல்லாம் வாய்திறந்து
உலகத்தையே சிரிக்கவைப்பார்
வீட்டுவாசல் ஏறிவந்தா
வாயில்பூட்டுப் போட்டுவாறார்

இதைக் கேட்டதும் ராத்தா மேல் இருந்த கோபத்தில் பாதி ஜவுபர் மச்சான் மேல் போய்விட்டது. கல்முனைக் கடைத்தெருவில் அவர் கடையில் எப்போதும் சிரிப்புத்தான். துணி வாங்க வராதவனும் அவர் கதை கேட்க வந்து குந்துவான். அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்குள் ஊமையாக இருப்பார் என்று யார் கண்டது? கட்டிய பெண்சாதியோடு நாலு வார்த்தை பேசாதவன் என்ன ஆம்பிளை? முன்னமே தெரிந்திருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். ஆனால் புருஷனைப் பற்றிய முறைப்பாட்டை உலகத்துக்கு முன் பாடியது அதைவிடப் பெரிய பிழை.

ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன். அந்த டேப்பை அழிக்காவிட்டால் இனி எந்த மேடையிலும் பொல்லு எடுக்கமாட்டோம் என்று நோனாவிடம் சொன்னேன். அவர் கெஞ்சினார். "இது ஒண்டுதான் இரிக்கி, வேற பிரதி இல்ல. இதப் போல நான் எங்கயும் கேட்டதில்ல" என்றார். நான் அசையவில்லை. என் கண்ணுக்கு முன்னாலேயே பெட்டியில் போட்டு அழித்தார். அழுதார். எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மானம் பெரிது.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே ராத்தாவிடம் போய்ச் சொல்லிவிடு.

அபூசாலி


மருதமுனை
24.09.1982

மச்சானுக்கு ஸலாம்.

நீங்கள் சொன்ன மாதிரி ராத்தா வீட்டுக்குப் போனேன்.

நான் போவதற்கு முன்பே செய்தி போய்விட்டது. முகம்மது தம்பி தன் பெண்சாதி உம்முவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். உம்மு கிணற்றடியில் சொல்ல, அது மறுநாள் சாய்ந்தமருதுக்கே போய்ச் சேர்ந்தது. நான் போனபோது மாப்பிள்ளையின் உம்மா சுபைறா மாமி நடு வீட்டில் உட்கார்ந்திருந்தார். "சபையில பாடின பொம்புளைர ஊட்டுக்கு எங்கட புள்ளைய மாப்பிள்ளையா அனுப்பேலா" என்றார். உள் அறையில் சபூறா விம்முகிற சத்தம் கேட்டது. ராத்தா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். இல்லை என்று ஒரு சொல் சொல்லவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், என் கையைப் பிடித்து, "நீ பேசாம இரி கா. என்ட தம்பிர குடும்பம் உடையப்படா" என்று காதுக்குள் சொன்னார். மகளின் கலியாணம் குழம்பினாலும் பரவாயில்லை என்று எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார் அந்த மனுஷி.

நான் எழும்பி நின்றேன். "மாமி, பாடினது றாஹிலா மதினி இல்ல. நான்தான் பாடின" என்றேன்.

சபூறாவின் விம்மல் நின்றது. சுபைறா மாமி என்னை மேலும் கீழும் பார்த்து, "புருஷன் அறிவாரா?" என்று கேட்டார். "இனித்தான் அறியப்போறார்" என்றேன்.

இப்போது அறிந்துகொண்டீர்கள். அது என் குரல். நீங்கள் அந்நிய நாட்டில் ஆட்களோடு ஆட்களாக இருந்து கேட்டது உங்கள் பெண்சாதியின் குரல். உங்களுக்கு அது தெரியாமல் போனதில் வியப்பில்லை. நான் பாடி நீங்கள் கேட்டதே இல்லை. உங்கள் சைக்கிளை வாசல் மதிலில் சாத்துகிற சத்தம் கேட்டதும் நான் நிறுத்திவிடுவேன்.

உம்மாவின் கவி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். கலியாணம் முடிந்த புதிதில், சின்ன வயதில் உங்களுக்குப் பிடித்த பாட்டு எது என்று ராத்தாவிடம் கேட்டேன். நூல் சுற்றிக்கொண்டே எனக்கு மட்டும் சொல்லித்தந்தார், அதனால்தான் பாடியது யார் என்று அவருக்கு விளங்கிவிட்டது. என்றைக்காவது உங்களுக்குப் பாடிக் காட்டலாம் என்றுதான் படித்தேன். அந்த நாள் வரவே இல்லை.

இரண்டாவது கவி நானே கட்டியது. அது ஜவுபர் காக்காவைப் பற்றியது அல்ல. அவர் வீட்டிலும் கடையில் பேசுகிற மாதிரித்தான் பேசுகிறார், ராத்தா காதைப் பொத்திக்கொள்கிறார். நம்மைச் சுற்றியுள்ள ஊரெல்லாம் சாரன் மூட்டையோடு போய்ப் பாட்டும் பகிடியுமாக விற்கிற மனிதர் ஒருவர் இருக்கிறார். பொல்லடி என்றால் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு சனம் நிற்கும். கட்டிய பெண்சாதியோடு நாலு வார்த்தை பேசாதவன் என்ன ஆம்பிளை என்று நீங்கள் கேட்டது அவரைத்தான். சட்டையைப் பிடிப்பதென்றால், அந்தச் சட்டை இங்கே என் பெட்டிக்குள் மடித்து இருக்கிறது.

நோனாவுக்குக் கவி பாடியது பிழைதான் என்று நீங்கள் சொன்னால் நான் வாதாட வரவில்லை. பெண்கள் மட்டும் கேட்பார்கள் என்று நம்பினேன். ஒலிபெருக்கியில் ஆம்பிளைகள் கேட்டார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஆனால் என்னைப் போட்டு அடித்தது அது அல்ல. டேப்பை அழித்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை வாசித்துவிட்டு நான் கிணற்றடியில் போய் இருந்து வாய்விட்டு அழுதேன். நோனா அன்றைக்குத் திருப்பிப் போட்டுக் காட்டியபோது வெட்கத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். பிறகு ஒருநாள் கேட்கலாம் என்று இருந்தேன். என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். கேட்டவரும் நீங்கள், அழித்தவரும் நீங்கள்.

தொண்டை அடைத்தது என்று எழுதினீர்கள். அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்போது அதை இல்லை என்று சொல்ல முடியாது.

இனி எனக்குப் பெண்சாதி இல்லை என்றும் எழுதலாம். எழுதுங்கள். ஆனால் இந்த வீடு என் வாப்பா எனக்குத் தந்த வீடு. நான் எங்கேயும் போகமாட்டேன். ஏறுவதா இறங்குவதா என்று நீங்கள்தான் வாசலில் நின்று யோசிக்க வேண்டும். சுபைறா மாமியும் முடிவு சொல்லாமல் போயிருக்கிறார். மாமன் வந்து கலியாணப் பந்தலில் நிற்கிறாரா என்று பார்த்துத்தான் மகனை அனுப்புவாராம். சபூறாவின் வாழ்வு இப்போது உங்கள் கையில்.

கவி என்றால் ஒருவர் சொல்ல மற்றவர் எதிர்க்கவி சொல்ல வேண்டும். அண்ணாவியாருக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. நான் சொல்லி இரண்டு வருடமாகிவிட்டது.

நதீரா


இங்கிலாந்து
03.10.1982

நதீராவுக்கு ஸலாம்.

பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் உன் கடிதம் கிடைத்தது. சாப்பிட உட்கார்ந்திருந்தோம். வாசித்தேன். றஸாக் ஏதோ கேட்டான், அவன் வாய் அசைவது தெரிந்தது, சொல் கேட்கவில்லை. அந்த ஆபிரிக்க மேளம் நெஞ்சில் விழுந்ததாக எழுதினேனே, அது ஒன்றுமே இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. மறைப்பதற்கு இல்லை. பிறகு உன் குரலை நினைத்துப் பார்த்தேன். பேசுகிற குரலை. "தண்ணி வேணுமா?" என்று கேட்கிற குரல் மட்டும்தான் நினைவுக்கு வந்தது. வேறு என்ன பேசினாய் என்று எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். எனக்கு என் மேலேயே பயம் பிடித்துவிட்டது.

இரவு முழுக்க ரயிலில் இருந்து ஜூடித் நோனா வீட்டுக்குப் போனேன். எங்கேயாவது ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டேன். நோனா ஏசவில்லை. "ஆம்புளச் சபையில போட்டது என்ட பிழை" என்றார். அந்த டேப்பை எடுத்துப் பெட்டியில் போட்டார். அழிக்கும்போது தொடக்கத்தில் கொஞ்சம் தப்பியிருக்கிறது. ராட்டை சுற்றுகிற சத்தம். பிறகு நீ பாடுவதற்காக மூச்சை இழுக்கிறாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரைச்சல். அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். நோனா எழும்பி மற்ற அறைக்குப் போய்விட்டார்.

அழித்தது நான். அதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதினால் மலிவாகத் தெரிகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

கடிகாரம் வாங்கிவிட்டேன். ராத்தாவிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், நானே போய்க் காலில் விழுகிறேன். வெள்ளிக்கிழமை பந்தலில் முதல் ஆளாக நிற்பேன் என்று சுபைறா மாமிக்கு மட்டும் சொல்லி அனுப்பு. முகம்மது தம்பியோடு நான் பேசுவதில்லை. அதுவும் பிழைதான், ராத்தா என்ற சொல்லை அவன் காதில் போட்டது நானல்லவா.

எதிர்க்கவி கேட்டாய். சந்தையில் நின்ற நிலையில் நாலு கவி கட்டுகிறவன் நான். இங்கே மூன்று நாளாக இருந்து மூன்று அடிதான் வந்தது.

ஊருக்கெல்லாம் வாய்திறந்தேன்
உன்வாசல் ஏறும்போது
சாவியெங்கோ கைதவறி

நாலாவது அடி வரவில்லை. தாளில் வராது போல இருக்கிறது.

பதினாலாம் திகதி வியாழக்கிழமை வந்து சேருவேன். பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கி நடந்துதான் வருவேன். சைக்கிள் சத்தம் கேட்காது. பாடிக்கொண்டிருந்தால் நிறுத்தாதே.

அபூசாலி